அணைக்கக்கூடாத பச்சை விளக்கு

ஒரு காட்டில், வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்ட மிருகங்கள் எல்லாம் சுகமாக வாழ்ந்து வந்தன. கோடை வந்தது. குளம் முழங்காலளவுக்கு இறங்கிவிட்டது. தலைவர் காட்டெருமை மனமிரங்கி, யானையார் குளிக்க ஒரு மோட்டார், மிச்சமிருந்த இரக்கத்துக்குக் குளத்தை நிரப்ப ஒரு மோட்டார் என்று இரண்டு வாங்கிப் போட்டார்.

மோட்டாரை ஓட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. இரண்டையும் ஒரே கம்பியில் கோத்து, மரத்தின்மேல் இருக்கும் ஆந்தையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆந்தை எந்த நம்பரைக் கூப்பிடுகிறதோ, அந்தப் பெட்டி பதில் சொல்லி மோட்டாரை ஓட்டவேண்டும்.

"ஒன்னு" என்று கூப்பிட்டது ஆந்தை. இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் பதில் சொல்லின. ஆந்தைக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. எந்த மோட்டாரும் ஓடவில்லை.

வயரிங் வேலை பார்க்கும் முள்ளம்பன்றி வேம்பு பார்த்தவுடன் கண்டுபிடித்தாள். கம்பெனியிலிருந்து வரும்போதே இரண்டுக்கும் ஒன்றாம் நம்பர்தான். குளத்துப் பெட்டியின் பொத்தானை அமுக்கி, இரண்டு என்று மாற்றினாள். இனி ஒரு தடவை அணைத்துப் போட்டால் புது நம்பரை ஏற்றுக்கொள்ளும். சுவிட்சில் கை வைத்தாள்.

"கையை எடு" என்றது கொக்கு. அன்று காலை பெட்டிக்குப் பூசணிக்காய் சுற்றி, எலுமிச்சம்பழம் கட்டி, கற்பூரம் காட்டிய கொக்கு. "ஏத்தின விளக்கை அணைப்பாங்களா? ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், அணையக்கூடாது."

"சாமி, அது விளக்கு இல்லீங்க. கரண்ட் வருதுன்னு காட்டுற பச்சை லைட்டு."

"எரியுதா இல்லியா?" என்று கேட்டார் காட்டெருமை.

"எரியுதுங்க."

"அப்ப விளக்குதான்."

சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவியைக் கொக்கு தன் காலில் கட்டிக்கொண்டது. கடவுளிடம் கேட்டிருந்தால் அணைத்துப் போடு தாயி என்று சொல்லியிருப்பார். கேட்கவேண்டியிருந்தது கொக்கிடம்.

குளத்திலிருந்து கெண்டை பவளம் தலையை நீட்டினாள். அவளுக்கு முந்நூறு குஞ்சுகள். "வேம்பக்கா, இன்னும் எத்தனை நாள்?"

"நாப்பத்தெட்டு."

"தண்ணி நாலு நாளைக்குக் காணாதேக்கா."

வேம்பு தினமும் போய்க் கெஞ்சினாள். கொக்கு தினமும் குளத்தில் இறங்கி, தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பக்தியோடு காலால் அளந்து பார்த்தது. நாலாம் நாள் மத்தியானம் அதன் விரல் நனைகிற அளவுதான் மிச்சம். குஞ்சுகள் சேற்றில் துள்ளின. கொக்கு கண்ணை மூடி ஒரு சுலோகம் சொல்லிவிட்டு, அலகைத் திறந்தது.

கரண்ட் போய்விட்டது.

காடே திட்டியது. பச்சை விளக்கும் அணைந்ததைப் பார்த்து, "தெய்வக் குத்தம்" என்று அலறியபடி கொக்கு பெட்டியிடம் ஓடியது. பவளம் குஞ்சுகளைக் கடைசிப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

அரை மணியில் கரண்ட் வந்தது. பெட்டி புது நம்பரோடு கண் விழித்தது. வேம்பு சொல்ல, ஆந்தை "ரெண்டு" என்று கூப்பிட்டது. ஒரே ஒரு பதில். குளத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது.

கொக்கு பசித்த வயிற்றோடு, "எல்லாம் நான் சொன்ன சுலோகம்" என்றது. காட்டெருமை அதற்குப் பொன்னாடை போர்த்தினார். அனுமதியில்லாமல் நம்பரை மாற்றியது ஏன் என்று விளக்கம் கேட்டு வேம்புவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் அதை மடித்து வைத்துவிட்டு, காட்டின் எல்லையிலிருக்கும் டிரான்ஸ்பார்மருக்கு ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தாள்.

நீதி: உங்கள் ஊரில் அடிக்கடி கரண்ட் போனால் யாரையும் திட்டாதீர்கள். பெரியவர்கள் செய்யவிடாத வேலை ஏதாவது அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கும்.