அடிக்குரலில் பாடுவேன் என்று எழுதி வாங்கிய வீடு

லாங்கமேர்,
நவம்பர் 8, சனிக்கிழமை காலை

அன்பும் பொறுமையும் நிறைந்த ஃபெம்மி அக்காவுக்கு,

தம்பி வுப்போ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள், அத்தானின் முதுகு இந்தக் குளிரிலும் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று நம்புகிறேன். இங்கே நானும் யான்டினாவும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை.

புது வீடு எப்படி இருக்கிறது என்று போனில் மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் நான் "ரொம்ப நல்லா இருக்கு" என்று உரக்கச் சொன்னேன். காரணம் சுவர். இந்த வரிசையில் ஆறு வீடு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், எங்களுடையது நாலாவது. ஐந்தாவது வீட்டு லம்மெர்ட் தும்மினால் யான்டினா இங்கிருந்தே "நூறாயுசு" என்கிறாள், அவர் அங்கிருந்தே "நன்றிம்மா" என்கிறார். இந்த நிலையில் போனில் என்ன உண்மையைச் சொல்வது. அதனால்தான் டிராம் ஓட்டிய கையால் பேனா பிடித்திருக்கிறேன்.

ராட்டர்டாமில் நாங்கள் இருந்தது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்பது உனக்குத் தெரியும். யான்டினாவின் இடது முழங்கால் எப்படிப்பட்டது என்பதும் தெரியும். மார்ச் மாதம் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கையில் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தால், அவள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அந்த மாடிக்காரியிடம் கத்தி இரவல் வாங்கியிருந்தாள். "மேல ஏற முடியல. அதுக்காகச் சமையல நிறுத்த முடியுமா" என்றாள். நான் பூங்கொத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு மீதி உருளைக்கிழங்கை உரித்தேன். தரையோடு இருக்கிற ஒரு வரிசை வீடு, கீழேயே படுக்கை போட ஓர் அறை, அமைதியான ஊர் என்று அன்றைக்கு முடிவு செய்தோம். அதற்குப் பிறகு ஏழு வீடு பார்த்தோம். ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்க்கப் பத்து நிமிடம். நாம் வெளியே வரும்போது அடுத்த ஜோடி வாசலில் காலைத் துடைத்துக்கொண்டிருக்கும். ஏழு வீட்டுக்கும் எங்களைவிட அதிகமாகக் கேட்டவர் ஒருவர் இருந்தார். ஏழாவதும் கைநழுவிய அன்று யான்டினா மேலே ஏறி வந்து, கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

எட்டாவதுதான் இந்த வீடு. விற்றவர் ஹில்லெகீன் என்கிற எண்பத்திரண்டு வயது அம்மாள். கணவர் ரூல்ஃப் ஒரு வருடம் முன்பு காலமானார். அந்த அம்மாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முதியோர் குடியிருப்புக்குப் போவதற்காக விற்றார். தரகர் என்னை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய், "இந்த அம்மா விலைய மட்டும் பாக்க மாட்டாங்க சார். நீங்க யாரு, எப்படிப்பட்டவங்கன்னு ஒரு கடிதம் எழுதிக் குடுக்கணும். அதப் பாத்துத்தான் முடிவு" என்றார். திரும்பும்போது கூடத்துச் சுவரில் ஒரு படம் பார்த்தேன். லாங்கமேர் ஆண்கள் பாடகர் குழு, எல்லோரும் கறுப்பு உடுப்பு, பின்வரிசையில் ரூல்ஃப். அக்கா, நான் கெட்டவன் இல்லை. ஆனால் ஏழு வீட்டைக் கைநழுவ விட்டவன். வீட்டுக்கு வந்து கடிதத்தில், "எனக்குச் சிறு வயது முதலே பாட்டு உயிர், அடிக்குரலில் பாடுவேன், நல்லதொரு குழு கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருக்கிறேன்" என்று தட்டச்சு செய்தேன். பள்ளிக்கூடத்தில் என்னைப் பாட வேண்டாம், கைதட்டினால் போதும் என்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். யான்டினா படித்துப் பார்த்து, "இதுல உன் பேரத் தவிர வேற எதாவது நிஜமா" என்று கேட்டுவிட்டு, தானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தாள்.

வீடு கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாற மூன்று நாள் சட்டமே கொடுக்கிறது. அந்த மூன்று நாளும் நான் வேண்டாம் என்று சொல்வேனா என்று அவளும், அவள் சொல்வாளா என்று நானும் ஒருவரையொருவர் பார்த்தபடி சூப் குடித்தோம். யாரும் சொல்லவில்லை. சாவி வாங்கிய அன்று கதவைத் திறந்தால் தரை இல்லை. பலகைத் தரை முழுவதையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் சிமென்ட். பல்பு இல்லை, திரைக்கம்பி இல்லை, கழிப்பறையில் உட்காரும் வளையம்கூட இல்லை. எதெது வீட்டோடு வரும், எதெது போகும் என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்களாம், நாங்கள் கையெழுத்தும் போட்டிருந்தோமாம். யான்டினா சிமென்டில் நடுவே நின்று, "நீ டிராம் ஓட்டுறப்ப சிக்னலயாவது படிச்சியா" என்றாள். அப்போதுதான் லம்மெர்ட் ஒரு பிளாஸ்க்கில் காப்பியும் மூன்று கோப்பையுமாக உள்ளே வந்தார். ஆறடி நாலங்குல உயரம், வாழ்நாள் முழுவதும் பால் பண்ணை வைத்திருந்தவர். என் கையைப் பிடித்துக் குலுக்கி, "அடிக்குரல்காரர் வந்துட்டீங்களா. ரூல்ஃப் போனதுலேர்ந்து பின்வரிசையில ஓட்டை. செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு, தேவாலயத்துப் பின்கூடம்" என்றார். குழுத் தலைவரே அவர்தான். வளையம் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்பே நான் பாடகனாகிவிட்டேன்.

ஊர் அமைதியான ஊர்தான், குறை சொல்லக் கூடாது. அவ்வளவு அமைதியில் எதுவும் மறைவதில்லை என்பதுதான் சங்கடம். கூடத்துச் சன்னலுக்கு யான்டினா திரை போட்டாள். பத்து மணிக்குள் இரண்டு பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, யார் தவறிப்போனது என்று விசாரித்தார்கள். இந்த ஊரில் பகலில் திரை மூடியிருந்தால் அது சாவு வீடாம். கழற்றிவிட்டோம். இப்போது நான் சாப்பிடுவதைத் தெருவே பார்க்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் பின்வரிசையில் நின்று, பக்கத்திலிருப்பவர் வாய் திறக்கும்போது திறந்து மூடும்போது மூடினேன். சத்தம் மட்டும் விடவில்லை. இடைவேளையில் ஆளுக்கொரு பிஸ்கட். எடுத்ததும் டப்பாவை மூடிவிடுவார்கள். அந்த ஒரு பிஸ்கட்டையும் குற்றவுணர்ச்சியோடுதான் தின்றேன். ஐந்தாவது வாரம் வேலி ஓரமாக லம்மெர்ட் கேட்டார்: "சுவர் வழியா உங்க வீட்டுல எல்லாமே கேக்குது வுப்போ. நீங்க பயிற்சி பண்றது மட்டும் கேக்க மாட்டேங்குதே." அன்று சாயங்காலம் அடிக்குரல்காரர் ஒருவர் பாடிய பாட்டுத் தட்டைச் சுவரோரம் வைத்துச் சத்தமாகப் போட்டேன். மறுநாள் அவர், "நேத்து பிரமாதம். ஆமா, நடுவுல பியானோ வாசிச்சது யாரு" என்றார். எனக்கு வாயில் வந்தது யான்டினாவின் பெயர். எங்கள் வீட்டில் பியானோவே இல்லை என்பது சன்னல் வழியாகத் தெருவுக்கே தெரியும், அதைக்கூட நான் யோசிக்கவில்லை. மாடியில் சின்னதாக ஒன்று இருக்கிறது என்று சமாளித்தேன். குழுவின் பியானோக்கார அம்மாவுக்குக் கண் சிகிச்சை வரப்போகிறதாம், யான்டினா வந்து வாசித்தால் பெரிய உதவி என்றார். விஷயத்தைச் சொன்னபோது அவள் இஸ்திரி போடுவதை நிறுத்தவே இல்லை. "முழங்கால் போய்த்தான் வீடு வாங்கினோம். இப்ப வீட்டுக்காக விரலும் போகணுமா" என்றாள். ஆனாலும் மறுநாள் கடைக்குப் போகும்போது வலது சுட்டுவிரலில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் போனாள். கச்சேரி வரைக்கும் ஆறு வாரம் அந்தக் கட்டோடுதான் நடமாடினாள், அக்கா.

போன சனிக்கிழமை ரூல்ஃபின் முதலாண்டு நினைவுக் கச்சேரி. கடைசிப் பாட்டில் நாலு வரி அடிக்குரலில் ஒருவர் மட்டும் பாட வேண்டும். இருபத்தாறு வருடம் ரூல்ஃப் பாடிய வரிகள். அவர் வீட்டில் குடியிருப்பவனே பாடட்டும் என்று ஹில்லெகீன் அம்மாளே கேட்டுக்கொண்டார் என்று லம்மெர்ட் கண் கலங்கச் சொன்னபோது, மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தேவாலயம் நிறைய ஜனம். முன்வரிசையில் அந்த அம்மாள், பக்கத்தில் விரல் கட்டோடு யான்டினா. என் இடம் வந்தது. வாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை. கண் சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருந்த பியானோக்கார அம்மா மட்டும் தனியாக நாலு வரியையும் வாசித்துக்கொண்டு போனார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றேன். எங்கேயோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார், அப்புறம் இன்னொருவர். முடிந்ததும் ஊரே வரிசையில் வந்து என் கையைப் பிடித்தது. "ரூல்ஃபோட இடத்த வெறுமையா விட்டீங்களே, யாருக்கு வரும் இந்த மனசு" என்றார் ரொட்டிக்கடைக்காரர். முப்பத்தாறு வருடம் ஒழுங்காக டிராம் ஓட்டியதற்கு ஒருத்தர் கை கொடுத்ததில்லை.

அந்தப் பாராட்டை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் ஞாயிறு, ஓர் ஆப்பிள் கேக்கை சைக்கிளில் கட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிப் போய், அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாட வராது, கடிதம் பொய், பியானோ பொய், விரல் பொய். அவர் கேக்கை வெட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "ரூல்ஃப் அந்த நாலு வரிய ஒரு தடவகூடச் சரியாப் பாடினதில்லப்பா. இருபத்தாறு வருஷம் அந்த இடம் வந்தா நான் கண்ண இறுக்கி மூடிக்குவேன். நேத்துதான் திறந்து வச்சுக்கிட்டுக் கேட்டேன்" என்றார். கடிதத்தால் ஏமாந்துதானே வீட்டைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். எழுந்துபோய் அலமாரியிலிருந்து என் கடிதத்தைக் கொண்டுவந்தார். "பாட்டு, குருவி, தோட்டம்னு இருபத்திரண்டு பேர் எழுதியிருந்தாங்க. அதெல்லாம் யாரு நம்புவா. நான் பாத்தது இத." நான் தட்டச்சு செய்ததற்குக் கீழே, பேனாவால், யான்டினாவின் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: "என்னால் படி ஏற முடியவில்லை, நான் ஏறுவதை இவரால் பார்க்க முடியவில்லை, இருவருமே களைத்துவிட்டோம்."

வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன். "ஒரு உண்மையாவது இருக்கட்டுமேன்னு எழுதினேன்" என்றாள், அவ்வளவுதான். நேராகப் போய் லம்மெர்ட்டிடமும் சொல்லிவிட்டேன், குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன். அவர் தன் மரச்செருப்பைத் தரையில் தட்டி மண்ணை உதறினார். "பாடாட்டி என்ன, நின்னா போதும். அந்த மௌனத்த இனிமே வருஷா வருஷம் வைக்கிறதுன்னு குழுவுல முடிவாயிருச்சு. உங்க அளவுக்குக் கறுப்பு உடுப்பு தைக்கவும் குடுத்தாச்சு" என்றார். அக்கா, பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்பது தெரியும். உண்மையைச் சொன்ன பிறகும் மாட்டிக்கொள்வது இந்த ஊரில்தான். நான் ரொம்பக் களைத்துவிட்டேன். உங்கள் ஆர்ன்ஹெமில், லிஃப்ட் இருக்கிற, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத ஓர் அடுக்குமாடி வீடு வாடகைக்கு வருமா என்று அத்தானை விசாரிக்கச் சொல். யான்டினாவிடம் இன்னும் பேச்செடுக்கவில்லை. நீ பார்த்துச் சொன்னதும் எடுக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு எங்கள் இருவரின் அன்பு. உனக்கு இரத்த அழுத்தம் இறங்கி, உறக்கம் கூடி, இந்தக் குளிர்காலம் குறையின்றிக் கழிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்

உன் தம்பி
வுப்போ

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால்பெட்டிக்குப் போனேன். எங்கள் வரிசையின் முனை வீடு விலைக்கு வந்திருக்கிறது. பார்த்துவிட்டு வெளியே வந்த ஒரு கணவன் மனைவி வாசலில் நின்றார்கள். இருவர் முகத்திலும் ஏழாவது வீட்டுக் களைப்பு. அந்தப் பெண் என்னிடம், "இங்க குடியிருக்கறவரா? தெரு எப்படிங்க" என்று கேட்டாள். மேலே உனக்கு எழுதிய அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. "எங்க தெருங்களா, தங்கமான தெரு" என்று சொன்னது என் வாய்தான். அதோடு நிற்காமல், "உங்க வீட்டுக்காரருக்குப் பாட வருமா" என்றும் கேட்டேன். அந்த ஆள் கூச்சத்தோடு, நிஜமாகவே மேல்குரலில் பாடுவேன் என்றார். குழுவில் மேல்குரலுக்கு இரண்டே பேர், அதிலும் ஒருவருக்கு ஆஸ்துமா. இருவரையும் உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன், யான்டினா கட்டு அவிழ்த்த கையால் காப்பி ஊற்றினாள், லம்மெர்ட்டை நான் சுவரைத் தட்டியே கூப்பிட்டேன். அவர்கள் கூடத்தில் அமர்ந்து இப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையை மட்டும் எழுதச் சொல்லி யான்டினா பக்கத்தில் நிற்கிறாள். உன் உறையைப் பிரித்துத்தான் இதைச் சேர்க்கிறேன். முழுவதையும் மறுபடி எழுத அலுப்பாக இருக்கிறது. ஆகவே மேலே உள்ளதில் வணக்கத்தையும் விசாரிப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை விட்டுவிடு.