மார்க்கை மறைக்கும் மேதை

மார்க்கு மேதை என்றொரு பிராணி உண்டு. பரீட்சை முடிவு வெளியாகும் மாதத்தில் பெருகும். செங்கல்பட்டில் அதைப் பார்க்க வேண்டுமானால், சான்றிதழ்களுக்கு நகல் அடித்துக் கொடுக்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாசலுக்குப் போங்கள். இந்த மேதை எந்தத் தேர்வுக் குழுவையும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அந்தக் குழு காப்பி குடிக்கும்போது என்ன பேசிக்கொள்ளும் என்பதுவரை சொல்லுவார். மார்க்கு அதிகமானால் 'சந்தேகப்படுவான்' என்பார். குறைந்தால் 'சிரிப்பான்' என்பார். நடுத்தரமாக இருந்தால்? 'கண்ணிலேயே படாது.'

நான் கண்ட மேதை ஜானகிராமன், ஏதோ ஒரு சர்க்கார் குமாஸ்தா. அவரிடம் சதுரங்கப்பட்டினத்து மீனவர் எல்லப்பன் தம் மகள் வேண்டாவுடன் வந்தார். நாலாவதும் பெண்ணாகப் பிறந்த குற்றத்துக்கு அவளுக்கு அந்தப் பெயர். டாக்டருக்குப் படிக்க மனுப் போட வேண்டும். மறுநாள் கடைசித் தேதி. கையில் இரண்டு மார்க்குப் பட்டியல்கள். போன வருஷம் ஏப்ரலில் பி.யு.சி. எழுதும்போது டைபாய்டு, கெமிஸ்ட்ரி போயிற்று. செப்டம்பரில் விஞ்ஞானப் பாடங்கள் எல்லாவற்றையும் மறுபடி எழுதி மார்க்கை அள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

"எத்த சார் வெக்கிறது?" என்றார் எல்லப்பன்.

மேதை கண்ணை மூடினார். "ஏப்ரலை வெச்சா பெயில் தெரியும். செப்டம்பரை வெச்சா ரெண்டாம் தபா எழுதினது தெரியும்."

"அப்ப இன்னாதான் சார் வெக்கிறது?"

"பேச்சுப் போட்டியிலே எதனா பரிசு வாங்கியிருக்காளா?"

பிறகு பஞ்சாங்கம் வந்தது. "இன்னிக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. தசமியிலே அனுப்பு, ஜெயம்."

"தசமிக்கு அனுப்புனா குப்பைக் கூடைக்குத்தான் சார் போவும்," என்றாள் வேண்டா. "எழுதின மார்க்கு எல்லாத்தையும் வைன்னு மனுவுலயே போட்டுக்கீது. நைனா, நீ கம்முனு இரு. சகுந்தலாக்கா, ரெண்டையும் அடிங்க."

மனுவில் அச்சடித்திருப்பதை மேதைகள் படிப்பதில்லை. படித்தால் யோசனை சொல்ல என்ன மிஞ்சும்?

இன்ஸ்டிட்யூட்டை நடத்தும் சகுந்தலா அஷ்டமியிலேயே நகல் அடித்தாள். நவமியில் வேண்டா ரயிலேறிப் பட்டணம் போய் மனுவைக் கொடுத்தாள். நேர்முகத்தில் ஏப்ரலைப் பற்றிக் கேட்டார்கள். "டைபாய்டு சார்," என்றாள். இடம் கிடைத்தது.

மேதை தலைகுனிந்திருப்பார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. "ரெண்டையும் தைரியமா வைம்மான்னு நான்தான் சொன்னேன்," என்று ஊரெல்லாம் சொன்னார். அதே மூச்சில், "என்ன இருந்தாலும் சலுகை சீட்டுதானே," என்றும் சொன்னார். தம் பையனின் காலேஜ் சீட்டுக்காக மந்திரி வீட்டு வாசலில் சிபாரிசுக்குக் கால்கடுக்க நின்றாரே, அதற்குப் பெயர் என்ன? திறமையாம். வேண்டா ஜெயித்ததில் யோசனை இவருடையது, இடம் சர்க்கார் போட்ட பிச்சை. ராப்பகலாக முட்டி மோதிப் படித்தவள் மட்டும் கணக்கிலேயே இல்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. அவளுக்கு இடம் கிடைத்தது என்று படித்தவுடனே, 'அப்படி எவ்வளவுதான் மார்க்கு?' என்று உங்கள் மனம் கேட்டதா? கேட்டிருந்தால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்; ஜானகிராமனுக்கும் இடம் வேண்டும்.