நாற்பது வருடக் குடியிருப்பாளர்

பரந்தனுக்குக் கிழக்கே, ஏழாம் வாய்க்கால் குடியேற்றத்தின் வாசிகசாலை அரசாங்கக் காணியில் நிற்கிறது. ஆகையால் கூட்டம் நடந்தால் அறிக்கையின் பிரதி ஒன்று காணிக் கந்தோர் அதிகாரிகளுக்குப் போகவேண்டும். காரியதரிசியாகிய அடியேன் ஒரு வாரமும் தவறியதில்லை.

ஞாயிறுதோறும் அங்கத்தவர்கள் புதிதாக வாசித்த பேய்க்கதை, விந்தைக்கதைகளைச் சொல்வார்கள். சொல்பவர் அதைத் தன் காணியில் நடந்ததாகவே சொல்லவேண்டும், அது எங்கள் வழக்கம். தூரதேசத்துப் பேய்க்கு இங்கே எவரும் பயப்படுவதில்லை.

அன்று ஐயாத்துரை, சந்திரனில் தனக்குள்ள பத்து ஏக்கர் காணியில் வெள்ளாமை செய்ததைச் சொன்னார். அடுத்து சிவனேஸ்வரி எழுந்தார். கணவன் இறந்தபின் இரண்டு பிள்ளைகளோடு மூன்று ஏக்கரை ஒற்றையாளாய் விதைப்பவர். தன் வளவுப் புளியமரத்தில் நாற்பது வருடமாக ஒரு பேய் குடியிருப்பதாகச் சொன்னார். கேட்டதைக் கேட்டபடி எழுதி அனுப்பினேன்.

எங்கள் மனுக்களுக்கு நாலு வருடமாகப் பதில் தராத கந்தோர், இதற்கு மூன்றாம் நாளே பதில் தந்தது.

ஐயாத்துரைக்குக் கடிதம்: “ஒருவருக்கு ஒரு காணியே விதி. சந்திரனிலுள்ளதையோ இங்குள்ளதையோ உடன் கையளிக்கவும்.” அவர் இரண்டு நாள் யோசித்துச் சந்திரனைக் கையளித்தார்.

சிவனேஸ்வரி வீட்டுக்குக் காணி அதிகாரியே ஜீப்பில் வந்தார். நாங்களும் கூடிவிட்டோம்.

“அனுமதியில்லாத ஆளைக் காணியில குடிவைச்சிருக்கிறாய். காணிப் பெர்மிட்டைக் கொண்டுவா.”

“ஐயா, அது புத்தகத்தில வாசிச்ச பேய். சும்மா கதைக்குச் சொன்னனான்.”

“அறிக்கையில அப்பிடி இல்லையே.”

“நீங்களே புளியில ஏறிப் பாருங்கோ.”

“ஏன் ஏறவேணும்? பைலில இருக்கு.”

சிவனேஸ்வரி எங்களைத் திரும்பிப் பார்த்தார். “ஆராவது ஒராள் பேய் இல்லையெண்டு சொல்லுங்கோவன். இந்தக் காணி போனா என்ர பிள்ளையள் எங்க போறது?”

வாய்க்காலை ஒட்டிய அந்தக் காணியில் ஐயாத்துரைக்கு நெடுநாளாகக் கண். “நான் கண்டனான் ஐயா,” என்றார். என் முறை வந்தது. பேய் இல்லையென்றால் என் அறிக்கை பொய்யாகும், பதவி போகும். நானும் கண்டதாகக் கையொப்பமிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அதிகாரி சட்டப்புத்தகத்தைப் புரட்டினார். “இவ வந்து ஆறு வருசம். பேய் நாற்பது வருசம். மூத்த குடியிருப்பாளருக்கே முன்னுரிமை. பெர்மிட் இனிப் பேயின்ர பேரில.”

ஐயாத்துரையின் முகம் கறுத்துப்போயிற்று.

அடுத்த கிழமை புதிய பெர்மிட்டோடு வந்த அதிகாரி வாசற்படலையில் நின்று கூப்பிட்டார். “இந்தக் காணிப் பேய் ஆர்?”

சிவனேஸ்வரி வெளியே வந்தார். வெள்ளைச் சேலை அவர் எப்போதும் உடுப்பதுதான். தலைமுடியை மட்டும் அவிழ்த்துவிட்டிருந்தார்.

“நான்தான். தாரும்.”

அதிகாரி இரண்டு கையாலும் நீட்டினார். “அவசரமில்லை, ஆறுதலாக் கையெழுத்து வையுங்கோ அம்மா. வேற ஏதும் குறை இருக்கோ?”

“விதைநெல் இன்னும் வரேல்லை.”

“நாளைக்கே அனுப்புறன் அம்மா.”

அடுத்த ஞாயிறு சனம் நிறைந்து வாசிகசாலையில் இருக்கக் கதிரை இல்லை. ஒருவர் கையிலும் புத்தகம் இல்லை.

“எழுதும்,” என்றார் ஐயாத்துரை. “நான் செத்து அறுபது வருசம்.”

“எனக்கு எழுபது,” என்றார் பின்னால் நின்ற சின்னராசா.

எல்லோரையும் ஒழுங்காக எழுதிக்கொண்டேன். முதல் வரியில் என் பெயரை, நூறு வருடத்தோடு, வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.