தேவநாதன் வாய் திறக்காத படம்

டைட்டில் ஓடி முடிவதற்குள்ளேயே தேவநாதனுக்குப் படத்தில் இரண்டு குறைகள் கிடைத்துவிட்டன. மூன்றாவது கண்ணில் பட்டதும் வாய் தானாகத் திறந்தது. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி மகேஸ்வரி அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"வாயத் தொறந்தீங்கன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன், ஆமா" என்று காதோரம் சொன்னாள்.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் மாணிக்கவேல், திட்டக்குடிக்காரர். அவர் மகன் பிரவீன்குமாருக்குத்தான் தேவநாதனின் மகள் அன்புக்கரசியைப் பார்க்க, பையனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு வேண்டாம் என்று சொன்னால் தெருவே பேசும் என்பதால், பழமலைநாதர் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பது போல் சந்திக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு. அன்புக்கரசிதான், "கோயில்ல வெயிலு பொசுக்கும்மா. மாப்ள அப்பாவுக்கு சினிமான்னா உசுராமே, படத்துக்கே வரச் சொல்லேன்" என்றாள்.

தேவநாதனுக்கு வேலை பீங்கான் கம்பெனியில். சூளையிலிருந்து இறக்கிய ஜாடிகளைச் சின்ன மரக்கட்டையால் தட்டிச் சத்தம் கேட்பார். கணீரென்றால் நல்ல ஜாடி. டொக்கென்றால் உள்ளே கீறல், ஒதுக்கிவிடுவார். பகலெல்லாம் கீறல் தேடிய புத்தி சாயங்காலமானால் மட்டும் அடங்குமா என்ன? படத்தையும் தட்டித் தட்டித்தான் பார்ப்பார். வசனம், சட்டை நிறம், சுவர்க் கடிகாரம் என்று எதையும் விடமாட்டார். பக்கத்தில் இருப்பவருக்கு உடனுக்குடன் விளக்கமும் சொல்வார்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த போன வரன் அப்படித்தான் கைநழுவியது. அவர்களும் ஒரு படத்துக்குக் கூட வந்தவர்கள். "பொண்ணு மகாலட்சுமியாட்டம் இருக்குது. ஆனா தீபாவளிக்குத் தீபாவளி எங்க பையன் மாமனார் பக்கத்துல ஒக்காந்து படம் பாக்கணுமே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகேஸ்வரி அழுதுகொண்டே சோறு போட்டாள். என் வாயால் என் பெண்ணின் வாழ்க்கை போயிற்றே என்று தேவநாதன் நிஜமாகவே நொந்துபோனார். இந்த முறை உயிரே போனாலும் பேசுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார்.

அதனால்தான் ஓரச் சீட்டாகப் பார்த்து உட்காரப் போனார். அன்புக்கரசி விடவில்லை. "அப்பா, நீங்க அவரு பக்கத்துல ஒக்காருங்க. தள்ளி ஒக்காந்தா மரியாதையா இருக்காது" என்று கையைப் பிடித்துக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். பெண்ணுக்குத்தான் எவ்வளவு பொறுப்பு என்று பெருமையாகக்கூட இருந்தது அவருக்கு.

முன்னெச்சரிக்கையாகக் கடலை மிட்டாயை வாய் நிறையப் போட்டுக்கொண்டார். திரையில் கதாநாயகனுக்கு வலது தோளில் குண்டு பாய்ந்தது. அடுத்த காட்சியில் கட்டு இடது தோளில் இருந்தது. கிளம்பிய பேச்சை அவர் விழுங்கியபோது மிட்டாயும் கூடவே போய்த் தொண்டையில் நின்றது. இருமினார், இருமினார், கண்ணில் தண்ணீர் கொட்டும்வரை இருமினார்.

மாப்பிள்ளையின் அம்மா சொர்ணாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு ரொம்ப நாளா இருமல் இருக்குதா?"

குரலில் கரிசனமும் இருந்தது, சந்தேகமும் இருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்று திட்டக்குடி முழுக்கப் பரவிவிடுமே என்று தேவநாதன் வெலவெலத்தார்.

"இருமல் இல்லீங்க. அழுகை."

"அழுகையா?" என்று மாணிக்கவேல் திரையைப் பார்த்தார். அங்கே காமெடியன் எருமையோடு சேர்ந்து சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தான். தியேட்டரே சிரித்தது. "இதுக்கு எதுக்குங்க அழுவுறீங்க?"

"அந்த எருமைய நெனச்சேங்க."

மாணிக்கவேல் ஒரு மாதிரியாகப் பார்த்தார். மகேஸ்வரி மறுபடி கிள்ளினாள்.

"ஊரோட சேந்து சிரிச்சித் தொலைங்களேன்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

பார்த்தால்தானே குறை தெரியும் என்று தேவநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் திறந்தபோது கதாநாயகனின் அம்மா செத்துப்போயிருந்தாள். முன்வரிசை முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இடைவேளையில் எல்லோரும் டீயோடு வட்டமாக நின்றார்கள். மாணிக்கவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அன்புக்கரசி முந்திக்கொண்டாள்.

"ஏம்பா, ஹீரோ மதுரைல ஏறும்போது டீசல் என்ஜின்தானே இருந்துச்சு? மெட்ராஸ்ல எறங்கும்போது கரி என்ஜின் நிக்குதே?"

ரயில் ஜங்ஷனுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்த தேவநாதன் அதைக் கவனிக்காமலா இருப்பார்? நடுவில் பாலத்தில் போனது கரண்டு என்ஜின் என்பதையும் சேர்த்தே கவனித்திருந்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். நாக்கு நுனிவரை வந்துவிட்ட மூன்று என்ஜின்களையும் டீயோடு சேர்த்து விழுங்கினார்.

"நான் எங்கம்மா என்ஜினைப் பாத்தேன்? அந்த ஹீரோ புள்ள மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப அவங்கம்மா செத்ததுக்குச் சிரிச்சீங்களே" என்றார் மாணிக்கவேல்.

"துக்கம் தாங்கலைங்க. என்ன செய்யறதுன்னே தெரியல, சிரிப்பு வந்துடுச்சு."

மாணிக்கவேல் டீயைக் குடிக்காமல் நின்றுவிட்டார். "எங்கப்பா போனப்ப எனக்கும் இப்படித்தாங்க வந்துச்சு" என்றவர், அன்புக்கரசியிடம் திரும்பினார். "படத்துக்கு வந்தா படத்தப் பாக்கணும் பாப்பா. என்ஜின் பாக்கறதுன்னா ஸ்டேஷனுக்குப் போகணும்."

அன்புக்கரசியின் முகம் சுருங்கியது. பயப்படாதே, அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்பது போல தேவநாதன் அவளுக்குக் கண்ணைக் காட்டினார்.

இடைவேளைக்குப் பிறகு வந்த குறைகளை எல்லாம் எப்படியோ கடித்து விழுங்கிவிட்டார். கடைசிச் சண்டையில்தான் சோதனை வந்தது. கதாநாயகி பெரிய பீங்கான் ஜாடி ஒன்றைத் தூக்கி வில்லன் தலையில் போட்டாள். ஜாடி சுக்குநூறானது. எவர்சில்வர் தட்டு விழுந்த சத்தம் கேட்டது.

வேறு எதையும் பொறுத்திருப்பார். பீங்கான் சத்தத்தில் சோறு தின்கிற மனிதர் அவர். உடம்பு தானாக எழுந்து நின்றுவிட்டது. மகேஸ்வரி வேட்டியைப் பிடித்து இழுத்தாள். மாணிக்கவேல் அண்ணாந்து பார்த்தார். எழுந்து நின்ற ஆள் ஏதாவது செய்தாக வேண்டும். தேவநாதன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

மாணிக்கவேலும் துள்ளி எழுந்து விசிலடித்தார். திரையில் வணக்கம் போடும்வரை இரண்டு பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார்கள். உண்மையைச் சொன்னால் தேவநாதனுக்கு அது பிடித்தும் இருந்தது. விட்டால் இன்னொரு ஆட்டம் பார்த்திருப்பார்.

வெளியே வந்ததும் மாணிக்கவேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்மந்தி, குத்தம் கண்டுபுடிக்காத மனுசன இந்தக் காலத்துல எங்கங்க பாக்க முடியுது? பையனுக்கும் புடிச்சிருக்குது. வர்ற தையிலயே முடிச்சிடலாம்."

"பொண்ண ஒரு வார்த்த கேட்டுக்கங்க" என்றாள் சொர்ணாம்பாள்.

"எங்க பேச்சத் தட்டாதுங்க அது" என்றாள் மகேஸ்வரி.

அவர்கள் திட்டக்குடி பஸ்ஸுக்குக் கிளம்ப, மகேஸ்வரி ஆட்டோ பிடிக்க ஓடினாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் படவில்லை. அன்புக்கரசியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பிறந்த வீட்டை விட்டுப் போகும் துக்கம் என்று நினைத்துத் தேவநாதன் அவள் தலையைத் தடவினார்.

"அழுவாதம்மா. பாத்தியா, உனக்காக அப்பா இன்னிக்கு ஒரு குத்தங்கூடச் சொல்லல."

அவள் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"போன தடவ மாதிரியே பேசிக் கெடுத்து வுட்டுடுவீங்கன்னு நம்பித்தாம்பா, ஊர்ல ஓடுறதுலயே மட்டமான படமாப் பாத்து நான் சொன்னேன்."