என் மகளுக்கு என்னவென்று என் மகளையே கேட்க வைத்தது

அன்புள்ள எர்லிண்டா அக்காவுக்கு,

தம்பி எவரிஸ்தோவின் வணக்கம். மாதா புண்ணியத்தில் இங்கே அமெரிக்காவில், லரேடோவில் எல்லோரும் சுகம். அங்கே மெக்சிகோவில், மொன்டெரேயில் அத்தானும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். நம் குடும்பத்தில் யாருக்கும் மனசில் ஒரு கோளாறும் கிடையாது என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

விஷயம் என்னன்னா, என் பொண்ணு நயெலி காலேஜிலிருந்து போன் பண்ணி, தூக்கமே வரலப்பா, படிப்பை விட்டுடலாமான்னு தோணுது, புதன்கிழமை மனநல ஆலோசகரைப் பார்க்கப் போறேன்னு சொன்னா. பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னா நாம சும்மா இருப்போமா? என் வீட்டுக்காரி ஒபேலியா சோளமாவுல மூணு டஜன் தமாலே அவிச்சா, லாரியில ஏறி நேரா அவ காலேஜ் இருக்கிற சான் அன்டோனியோ போயிட்டோம். அந்த ஆலோசகரம்மா ரூம்ல இருந்ததே ரெண்டு நாற்காலி. நயெலி தலையாட்டினதும் அந்தம்மா எங்களையும் உள்ளே விட்டாங்க. அவங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது, எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆஸ்பத்திரி, பேங்க்னு ஏழு வயசுலேருந்து எங்களுக்காகப் பேசுறது யாரு? நயெலிதானே! அதனால வழக்கம்போல அவகிட்டயே சொன்னேன்: "என் பொண்ணுக்கு என்னன்னு கேளும்மா."

கேட்டா. பதிலையும் சொன்னா: "உங்க பொண்ணு சின்ன வயசுலேருந்து பெரியவங்க வேலையைச் செஞ்சு களைச்சுப் போயிட்டாளாம்ப்பா."

எனக்கு வந்ததே கோபம்! "எவன் அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தான்? கேளு!"

"நீங்கதானாம்ப்பா."

ஒபேலியா என் விலாவில் இடிச்சா. அப்புறம் நயெலி, "நம்ம வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்சவ நான் ஒருத்திதான். தோத்துட்டா உங்க முகத்துல எப்படிப்பா முழிப்பேன்?"னு கேட்டா. நான் அந்தம்மாவைத் திரும்பிப் பார்க்கிறேன், அவங்க வாயே திறக்கல அக்கா! பேசினது என் பொண்ணு. "தோத்தா தோத்துட்டுப் போம்மா, நீ என் பிள்ளை இல்லன்னு ஆயிடுமா?"ன்னேன். அழுதா, சிரிச்சா, நாலு தமாலே சாப்பிட்டா. படிப்பைத் தொடரப் போறாளாம்! கூரை மேல நின்னு ஊருக்கே கத்தணும்போல இருக்கு!

ஆனால் இது நமக்குள் இருக்கட்டும். எனக்கு இந்த வைத்தியமெல்லாம் தேவைப்படாது. நான் கல்லு மாதிரி இருக்கேன். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அத்தானுக்கு என் மரியாதை.

தம்பி,
எவரிஸ்தோ

பி.கு.: "கல்லு" என்று எழுதியதை அடித்துவிட்டுப் படி. கிளம்பும்போது அந்தம்மா, "நீங்க நல்லா தூங்குறீங்களா?"ன்னு என்னைக் கேட்டாங்க. நயெலி அதை எனக்குச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் கண்ணு கலங்கிடுச்சு. ஸ்பானிஷ் பேசுற ஆலோசகர் ஒருத்தரை வியாழக்கிழமை பார்க்கப் போறேன். நயெலிகிட்ட மூச்சு விட்டுடாதே, மொழிபெயர்க்கிறேன்னு பஸ் ஏறி வந்துடுவா.