அண்ணாந்து குடித்து வாங்கிய பரிசு

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் குடித்திருக்கிறேன். அதிலும் முதல் பரிசு வாங்கிவிட்டேன்.

இதைச் சொல்வதற்கு முன்னால் என் தம்பி தங்கவேலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் என் கடைசி மகள் கல்யாணத்தில் அவன் தள்ளாடிக்கொண்டு வந்து, மேளக்காரரிடம் தவிலைக் கொடு, நான் வாசிக்கிறேன் என்று மல்லுக்கு நின்றான். (தாய்மாமன்காரன் செய்யிற வேலையா இது.) பந்தலில் அத்தனை பேர் முன்னால் நான் சட்டம் போட்டேன்.

"அந்தக் கருமம் நாக்குல பட்ட யாரும் இனி என் வாசப்படிய மிதிக்கக் கூடாது."

அன்றிலிருந்து அவன் வாடிப்பட்டிக்கு வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்துவான். கறியோ முருங்கைக்காயோ, பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடுவான். நான் பையை மட்டும் எடுத்துக்கொள்வேன். அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன். கண்டிப்பானவள் என்று ஊருக்குள் எனக்கு அம்புட்டு நல்ல பேர்.

போன வருடம் வெயில் தணிந்த சமயம், மகன் முருகேசன் என்னை ஸ்பெயினுக்குக் கூட்டிப்போனான். சராகோசா என்ற ஊரில் அவனுக்கு வேலை. எனக்குத் தமிழே படிக்கத் தெரியாது. அந்த ஊர்க் கடைப்பலகைகளைப் பார்த்து மருமகள் கவிதாவும் திருதிருவென்று முழித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். (தல்லாகுளத்து டவுன் பிள்ளை, ரெண்டு டிகிரி.)

அங்கே அது திராட்சை அறுவடை முடிகிற காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருச் சதுக்கத்தில் திருவிழா. கொட்டு, ஊதுகுழல், பூப்போட்ட சால்வை போர்த்திய பொம்பளைகள். நடுவில் பெரிய மரத்தொட்டி நிறையத் திராட்சை. அதற்குள் இறங்கி வெறுங்காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் என்ன அதிசயம்? வயக்காட்டில் சேறு மிதித்த கால் இது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கிவிட்டேன். ஏறி வந்ததும் தொட்டியின் அடியிலிருந்து பிடித்த சாற்றை ஒரு குவளையில் கொடுத்தார்கள்.

"கவிதா, இது ஒண்ணும் வேற மாதிரி இல்லயே?"

"வெறும் ஜூஸ்தான் அத்தை. பயப்படாம குடிங்க."

தேனாக இருந்தது. (கால்ல மிதிச்சதுதான். என் காலுதானே.)

சாப்பாட்டுக்கு அங்கே பெரிய சட்டியில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, பூண்டும் எண்ணெயும் விட்டு வறுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் உப்புமா. தொட்டுக்கொள்ளப் பச்சைத் திராட்சை. உப்புமாவுக்குத் திராட்சையா என்று சிரித்துவிட்டு மூன்று தட்டு சாப்பிட்டேன். நாலாவது தட்டு வாங்கத்தான் மகனும் மருமகளும் வரிசையில் நின்றார்கள். அந்த நேரத்தில்தான் நான் கெட்டேன்.

எதிரே ஒரு மேடை, அதில் ஏதோ போட்டி. மேலே ஒருவர், நீளமான மூக்கு வைத்த கண்ணாடிக் கூஜாவைத் தலைக்கு மேல் தூக்கி, வாய் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடித்தார். கூஜாவில் அதே திராட்சை நிறம். அடுத்தடுத்து ஏறியவர்கள் எல்லாம் மூக்கிலும் சட்டையிலும் ஊற்றிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணாந்து குடிக்கத் தெரியாத சனமும் உலகத்தில் உண்டா? நாங்கள் பால்குடி மறந்த நாளிலிருந்து செம்பில் வாய் வைத்ததில்லை. வைத்தால் என் ஆத்தா முதுகிலேயே ஒன்று வைப்பாள்.

நான் சிரித்ததைப் பார்த்த மேடைக்காரர் கையை நீட்டி வா என்றார். ஏறினேன். சாறு கொஞ்சம் துவர்ப்பாக இருந்தது. தோலோடு மிதித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கையை முழுசாக உயர்த்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல், மடக்மடக்கென்று உள்ளே விட்டேன். கூட்டம் கைதட்டியது. தூரத்தில் வரிசையிலிருந்து முருகேசன் தட்டோடு ஓடி வந்தான்.

"யம்மா, நிப்பாட்டும்மா, நிப்பாட்டு."

பெற்ற பிள்ளை உற்சாகப்படுத்துகிறானே என்று கையை இன்னும் ஒரு சாண் மேலே தூக்கினேன்.

கூஜா காலி. மாலை போட்டு, அந்தக் கூஜாவையே பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. மேடையிலேயே குலவை போட்டேன். சால்வைக்காரப் பொம்பளைகளை வட்டமாக நிறுத்திக் கும்மி சொல்லிக்கொடுத்தேன். எல்லாரும் என்னைவிட நன்றாக அடித்தார்கள். நடுவில் முருகேசன் என் கையைப் பிடித்தான். அவன் பின்னாலேயே கவிதாவும் வந்து நின்றாள்.

"யம்மா, நீ குடிச்சது ஒயினு."

"ஜூஸுன்னு கவிதாதான சொன்னா?"

"அது அந்தத் தொட்டியில புடிச்சது அத்தை. இது போன வருசத்து."

"எம்புட்டுடி குடிச்சேன்?"

"எல்லாத்தையும்."

முதலில் என் ஞாபகத்துக்கு வந்தது சாமி இல்லை, தங்கவேல்தான். நான் போட்ட சட்டப்படி இனி நானே என் வீட்டுக்குள் போக முடியாது.

"தங்கவேலுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்றேன். கவிதா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வீடியோவை அவள் குடும்பக் குரூப்பில் போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. (ஜூஸ் போட்டின்னு நினைச்சுப் போட்டாளாம்.)

ஊர் திரும்பும் வரை தம்பியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் பயம். வாடிப்பட்டியில் கார் நின்றது. என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் தங்கவேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"வாக்கா. ஒனக்கும் சேத்துத்தான் போட்டு வச்சிருக்கேன்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனே டீ வாங்கிக் கொடுத்தான். தெருவே வேடிக்கை பார்த்தது. நான்கு வருடம் கழித்து அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். மீசை நரைத்துவிட்டது.

"சட்டத்த எடுத்துட்டேன்டா. உள்ள போ."

"நீ மொதல்ல போக்கா. நான் சும்மா குடிகாரன். நீதான் கப்பு வாங்குனவ."

அந்த நாற்காலிகளை நாங்கள் உள்ளே எடுக்கவே இல்லை. இன்றைக்கும் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும், கேட்டுக்கு முன்னால் நின்று, முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறார்கள்: "நாங்க உள்ள வரலாமா, இல்ல உங்க கூட வெளியவே உக்காரணுமா?"