குமாரசாமி நெய்த ஜப்பான் சேலை

சர்க்காருக்குச் சல்லிக்காசு தீர்வை கட்டுவதில்லை என்று குமாரசாமி கப்பலிலேயே சபதம் செய்துவிட்டார். அவர் வெண்ணந்தூர்த் தறிக்காரர். ஊர்ச் சேலைகளைக் கொழும்பில் விற்றுவிட்டு மனைவி தெய்வநாயகியோடு திரும்புகிறார். ஐந்தாம் நாள் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பெண்ணோ, நம் தறிச் சேலை அலுத்துப்போச்சு, ஜப்பான் பட்டுத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள். வயிறு எரிந்தாலும் வாங்கிவிட்டார். டிரங்குப் பெட்டிக்குள் அது பளபளவென்று கிடக்கிறது.

"ஏனுங்க, எல்லாரும் கட்டற தீர்வைய நாமளும் கட்டிப்போடலாமுங்க," என்றாள் தெய்வநாயகி.

"போ புள்ள! நானே நெய்ஞ்சதுன்னு சொல்லிப்போடுவேன். தறிக்காரன் சொன்னா எவன் மறுப்பான்?"

"மாட்டிக்குவீங்க."

"யாரு, நானா?"

அவள் அதோடு வாயை மூடிக்கொண்டாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரு வாதத்தைப் பாதியில் விட்டதே கிடையாது. அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

தனுஷ்கோடியில் பெண்களை முதலில் கூப்பிட்டார்கள். தெய்வநாயகி சுங்க அதிகாரியிடம் ஏதோ பேசிவிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அடுத்து குமாரசாமி பெட்டியைத் திறந்தார். அதிகாரி சேலையை விரல் நுனியால் தூக்கினார்.

"இது?"

"என் கையால நெய்ஞ்சதுங்க சாமி. போகும்போது கொண்டுபோனது."

"நீங்களா? குறுக்கே ஓடும் ஊடை நூலே நெருக்கமில்லையே ஐயா."

குமாரசாமி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாங்க," என்றார்.

"முந்தியைப் பார்த்தால் வேலை தெரியாதவன் கை வைத்த மாதிரி இருக்கு."

"ஆமாங்க." நெற்றி நரம்பு புடைத்தது.

"ரெண்டு தண்ணி கண்டால் கந்தல். வெண்ணந்தூர்த் தறி இவ்வளவுதானா? உங்கள் அப்பா சொல்லிக்கொடுத்த லட்சணமா இது?"

"ஏனுங்க!" குமாரசாமி போட்ட சத்தத்தில் கப்பல் கூலிகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "எங்கூட்டுத் தறியில இந்தக் கண்றாவி இறங்குமா? இது ஜப்பான்காரன் சரக்குங்க!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. சேலை போச்சு. கல்யாணப் பந்தலில் மகள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்க, தாம் கம்பிக்குப் பின்னால் களி தின்பது கண்ணுக்கே தெரிந்தது.

அதிகாரி சிரித்தபடி ஒரு ரசீதை நீட்டினார். "உங்கள் சம்சாரம் அப்போதே சேலையைப் பற்றிச் சொல்லித் தீர்வை கட்டிவிட்டார்கள். பத்திரமாகப் போய் வாருங்கள்."

குமாரசாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அதிகாரிக்கு இரண்டு கும்பிடு போட்டார். ரயிலில் உட்கார்ந்ததும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லை.

"நீதான் புள்ள எங்குலசாமி. எம்மானத்தையும் காப்பாத்திப்போட்ட, மக கல்யாணத்தையும் காப்பாத்திப்போட்ட. இனி ஆயுசுக்கும் பொய் சொல்லமாட்டேன்."

"சரிங்க, வெத்தல போடுங்க."

மெதுவாக மென்றார். மனசு நிறைந்திருந்தது. ஆனாலும் ஓர் ஆச்சரியம் மட்டும் தீரவில்லை.

"அந்த ஆபீசரும் தறிக்கார ஊட்டுல பொறந்தவராத்தான் இருக்கோணும். ஊடை, முந்தின்னு எத்தனை நுணுக்கம் பாரு!"

"அவருக்கு ஊடையும் தெரியாது, பாவும் தெரியாதுங்க," என்றாள் தெய்வநாயகி, அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. "நான் சொல்லிக் குடுத்ததைத்தான் ஒண்ணு விடாம ஒப்பிச்சாரு."